விண்ட்சர் தம்பதி: புத்தகங்களை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக 1936-ல் முடிதுறந்தவர் பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட். இந்த விண்ட்சர் தம்பதியின் வாழ்க்கை வரலாறுகளை ஒப்பிட்டு எங்கள் வாசகர் வட்டத்தில் புதியவர்கள் சிலர் கட்டுரை எழுதியிருந்தார்கள். நான் முன்பு சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்கியிருந்தார்கள். பெயர், தேதிப் பிழைகளை விடுங்கள், யாராவது திருத்திவிடுவார்கள்.

காதலா, சதியா?

முடிதுறப்புக்குக் காரணம் எது என்ற இந்தக் கேள்வியோடு தொடங்கவே தொடங்காதீர்கள்.

புத்தகங்களைச் சாட்சிகளாக எண்ணுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. வாலிஸ் 1924-ல், கடற்படை அதிகாரியான முதல் கணவரோடு மறுபடி சேர்ந்து வாழ ஹாங்காங் போனார், அப்புறம் பீக்கிங்கில் தங்கினார். அந்த நாட்களில் அவர் நடத்தை பற்றி உளவுத்துறை ஒரு ரகசியக் கோப்பு தயாரித்ததாகப் புத்தகத்துக்குப் புத்தகம் வரும். நானும் ‘மூன்று ஆசிரியர்கள் உறுதிசெய்கிறார்கள்’ என்று எழுதினேன்.

அதைப் படித்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் எதுவும் சொல்லாமல் மூன்று புத்தகங்களின் கடைசிப் பக்கங்களையும் மேஜையில் விரித்து வைத்தார். மூன்றாவது புத்தகம் இரண்டாவதைக் கைகாட்டியது, இரண்டாவது முதலாவதை. முதலாவதில் அந்தப் பத்திக்கு அடிக்குறிப்பே இல்லை. ஒரே வதந்தியை நான் மூன்று முறை எண்ணியிருந்தேன்.

அந்தக் கோப்பை இதுவரை யாரும் வெளியிட்டதில்லை. ஆனால் ஒரு பெண்ணின் பெயர் அதனால் கெட்டது கெட்டதுதான். 1937 அக்டோபரில் எட்வர்டும் வாலிஸும் ஹிட்லரைச் சந்தித்ததற்குப் புகைப்படமே இருக்கிறது. கடுமையாக எழுத வேண்டுமா, அதை வைத்து எழுதுங்கள். படம் உள்ள செய்தியையும் ஆதாரமில்லாத பேச்சையும் ஒரே உறுதியோடு எழுதாதீர்கள்.

வெளியான ஆண்டைப் பார்க்காதது

1940 கோடையில் தம்பதி லிஸ்பனில் இருந்தபோது எட்வர்டைத் தங்கள் பக்கம் இழுக்க ஜெர்மானியர்கள் போட்ட திட்டம் பற்றிய தந்திகள் 1957-ல்தான் அச்சில் வந்தன. காதல் காலத்துக் கடிதங்கள் வெளிவந்தது 1986-ல், வாலிஸ் இறந்த பிறகு. முடிதுறப்பு பற்றிய அரசு ஆவணங்கள் பல 2003 வரை பூட்டிக் கிடந்தன. 1955-ல் வந்த நூல் இவற்றை ‘மறைத்துவிட்டது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பாவம், அந்த ஆசிரியர் கைக்கு எட்டாததை எப்படி மறைப்பார்?

எட்வர்டின் சொந்த நூலை அவர் குரலாகவே எடுப்பது

1951-ல் வந்த அந்த நினைவுக் குறிப்பை எழுத ஒரு பத்திரிகையாளர் உதவினார். மேற்கோள் போடுமுன் இது நினைவிருக்கட்டும்.