வான் வண்டிக்குள் எரிந்து நிற்காமல் அணைந்த காஸ் ஹீட்டர்: என் அனுபவம்

ஜனவரியில் நுவரெலியாவில் வானுக்குள் படுத்தவர்களுக்குத் தெரியும், விடியற்காலையில் புல்லில் பனி உறையும் குளிர் எப்படி இருக்கும் என்று. அந்த நேரம் பார்த்து எங்கள் புரொப்பேன் ஹீட்டர் அடம்பிடித்தது. பொத்தானை அழுத்தினால் பற்றும், கையை எடுத்தால் அணையும்.

முதலில் காஸையே சந்தேகப்பட்டேன். பியூட்டேன் கலந்திருந்தால் 0 பாகையை நெருங்கும்போது அழுத்தம் குறைந்துவிடும். ஆனால் அதே சிலிண்டரில் அடுப்பு நீலமாக, பலமாக எரிந்தது. சரி, கோளாறு ஹீட்டரில்தான்.

குனிந்து பைலட் சுடரை, அதாவது ஹீட்டரைப் பற்றவைக்கும் சின்னச் சுடரைப் பார்த்தேன். மஞ்சளாகச் சோர்ந்து, தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியின் முனையைத் தொடாமலே ஆடிக்கொண்டிருந்தது. அந்த முனை சூடேறினால்தான் சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகி காஸ் வால்வைத் திறந்தபடி பிடித்துவைக்கும்.

சிலிண்டரை மூடி, ஹீட்டர் ஆறியதும் பைலட்டைக் கழற்றினேன். காற்று நுழையும் துளையில் சிலந்தி நூலும் தூசியும் பஞ்சு மாதிரி அடைத்திருந்தன. ஊசியை எடுத்தபோது கராஜ் அண்ணன் தடுத்தார்: “தம்பி, கம்பி விடாதீங்க, ஓட்டை பெரிசாயிடும்.” காற்றடித்தே சுத்தம் செய்தோம். தெர்மோகப்பிள் முனையின் கரியை நைசான சாண்ட் பேப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். அப்புறம் பொருத்துகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, குமிழி வரவில்லை என்று உறுதிசெய்தேன்.

சுடர் நீலமாக நின்றது. ஒட்சிசன் குறைந்தால் அணைக்கும் பாதுகாப்பை யாரும் கழற்றிவிடாதீர்கள். எங்கள் வானில் காபனோரொட்சைட் அலாரமும் இருக்கிறது. ஆனாலும் ஹீட்டர் எரியும் நேரமெல்லாம் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தே வைப்போம், தூங்குமுன் அணைத்துவிடுவோம்.