சீன மொழி நோயாளிகளுக்கான அறிகுறி வினாத்தாள்: மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் முறை

எந்தச் சீனம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சீனாவிலும் சிங்கப்பூரிலும் எளிமையாக்கிய எழுத்து, தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபு எழுத்து. மென்பொருளில் எழுத்தை மாற்றினால் போதாது, சொற்களும் வேறுபடும். ஹாங்காங் முதியவருக்குச் செவிலியர் தாளை வாசித்துக் காட்டும்போது, எழுத்துநடை கான்டனீஸ் பேச்சோடு ஒட்டாது. ஆளுக்கொரு சொல்லைப் போட்டுச் சமாளிப்பார்கள். ஆகவே வாய்மொழி வாசகத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மூல வினாத்தாளின் உரிமையாளரிடம் அனுமதி கேட்கும்போதே சீன வடிவம் ஏற்கெனவே இருக்கிறதா என்று விசாரியுங்கள். புற்றுநோயாளிகள் தம் அறிகுறிகளுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் தரும் எம்.டி. ஆண்டர்சன் அறிகுறிப் பட்டியலுக்கு இருக்கிறது.

சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்க்கட்டும். ஒருவர் மருத்துவம் அறியாதவராக இருப்பது நல்லது. மூன்றாமவர் இரண்டையும் இணைப்பார். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அந்த இணைத்த வடிவத்தை மூல மொழிக்கே திரும்ப மொழிபெயர்ப்பார்.

இத்தோடு நிறுத்துவதுதான் பெரிய தவறு. திரும்ப மொழிபெயர்த்தது மூலத்தோடு அச்சாகப் பொருந்தினாலும் நோயாளி வேறு எதையோ புரிந்துகொண்டிருக்கலாம். 'நான்ஷோ' என்ற சொல் உடல் அவதியையும் மன வேதனையையும் குறிக்கும். மன உளைச்சலுக்கு அதைப் போட்டால் வலி உள்ளவர் வலிக்கு மதிப்பெண் தருவார். 'ஓசின்' குமட்டலுக்கும் அருவருப்புக்கும் பொது. களைப்பும் தூக்கக் கலக்கமும் தனித்தனிக் கேள்விகளாகவே பதிகின்றனவா என்றும் பாருங்கள்.

இதற்கு 8 முதல் 10 நோயாளிகளிடம் நேர்காணல் நடத்துங்கள். "உங்கள் சொல்லில் சொல்லுங்கள்", "ஏன் 6, ஏன் 3 இல்லை?", "எந்த நாளை நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம்: 24 மணி நேரம் என்று தாளில் இருந்தும் பலர் முழு வாரத்தையும் நினைத்துப் பதில் சொல்வார்கள். சொல்லை மாற்றினால் புதிய நோயாளிகளிடம் மறு சுற்று நடத்துங்கள். உறவினர் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அந்தத் தாளைத் தனியே குறியுங்கள். நோயின் பெயரைக் குடும்பம் மறைத்திருக்கக்கூடும். தலைப்பில் 'புற்றுநோய்' என்று வரலாமா, இத்தகையோரைச் சேர்க்கலாமா என்பதை நெறிமுறைக் குழுவுடன் முன்பே பேசிவிடுங்கள்.

பிறகுதான் எண்கள். மேற்சொன்ன பட்டியலில் 13 அறிகுறிகளும் அன்றாட வாழ்வின் இடையூறு பற்றிய 6 கேள்விகளும் உண்டு. கேள்விக்கு 10 பேர் என்றால் 190 பேர். நோய் முற்றியவர், லேசானவர் என இரு சாராரும் இருக்கட்டும்; எல்லோரும் 0 போட்டால் எதையும் நிறுவ முடியாது. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்பா 0.70க்குக் குறையக்கூடாது. 0.95ஐத் தாண்டினாலும் மகிழாதீர்கள்: இரண்டு கேள்விகள் ஒரே பொருளில் படிக்கப்பட்டாலும் ஆல்பா உயரும். எந்தக் கேள்விகள் ஒரே குழுவாகச் சேர்கின்றன என்று காட்டும் காரணிப் பகுப்பாய்வில் ஒரு கேள்வி இடம் மாறி விழுந்தால் நேர்காணல் குறிப்புகளுக்குத் திரும்புங்கள். உடல் இயங்குநிலை மோசமானவர்களின் மதிப்பெண் மற்றவர்களுடையதைவிடத் தெளிவாக உயர்ந்திருக்க வேண்டும்.

மறுசோதனையை ஓரிரு நாளில் வையுங்கள். இடையில் கீமோதெரபி வரக்கூடாது. "நேற்றைக்கு இன்று மாற்றம் உண்டா?" என்று கேட்டு, இல்லை என்றவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். இரு முறையும் தந்த மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் உள்தொகுதித் தொடர்புக் கெழு 0.70 அல்லது மேல் வர வேண்டும்.