போலந்து ஓட்டலில் மலைக்காய்கறி: எதைக் கேட்பது, எதைத் தவிர்ப்பது

கேத்தியிலும் கோத்தகிரியிலும் விளைந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏறுகிற உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீட்ரூட், கேரட். போலந்துச் சமையல் பெரும்பாலும் இந்த நாலைச் சுற்றித்தான். அதனால் நீலகிரிக்காரர் வார்சாவிலோ கிராக்கோவிலோ சாப்பிட உட்கார்ந்தால் காய் புதிதாக இருக்காது. தடுமாற வைப்பவை இரண்டு: புளிக்க வைத்து வரும் புளிப்பு, கேட்காமலே தட்டில் வந்து விழும் பன்றிக் கொழுப்பு.

புளிப்பை ஊரிலேயே நாக்குக்குப் பழக்கிவிட்டுப் போவது நல்லது. அரைக் கிலோ பீட்ரூட்டைத் தோல் சீவி வில்லைகளாக நறுக்கிக் கண்ணாடி ஜாடியில் போடுங்கள். தட்டிய பூண்டு 4 பல், சர்வசுகந்தி (ஆல்ஸ்பைஸ்) 3 மணி போடலாம். நம் பிரிஞ்சி இலை வேண்டாம், அதன் பட்டை வாசம் இதற்குச் சேராது. கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றி, காய் மேலே மிதக்காதபடி ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து அமுக்குங்கள். கோயம்புத்தூர் வெக்கையில் நாலைந்து நாளில் புளித்துவிடும். ஊட்டிக் குளிருக்கு ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். மேலே மெல்லிய வெள்ளை ஆடை படிந்தால் எடுத்துப் போட்டால் போதும். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போலப் பூத்தால் ஜாடியோடு கொட்டிவிட வேண்டியதுதான். காய் தண்ணீருக்கு மேலே வந்து காற்றுப் பட்டிருக்கும், அதுதான் காரணம்.

இந்தத் தண்ணீர்தான் ‘பார்ஷ்ச்’ என்கிற பீட்ரூட் சூப்புக்குப் புளிப்பைத் தருவது. சூடாக்கலாம், தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் சிவப்பு போய்ப் பழுப்பாகிவிடும். ஓட்டலில் பழுப்பு நிறத்தில் பார்ஷ்ச் வந்தால், அடுப்பில் வெகுநேரம் கிடந்தது என்று புரிந்துகொள்ளலாம். நல்ல பார்ஷ்ச் கண்ணாடி போலத் தெளிவாக, மாணிக்கச் சிவப்பாக இருக்கும்.

கம்பு, ராகிக் கூழ் குடித்துப் பழகியவர்களுக்கு ‘ஜூரெக்’ இன்னும் பிடிக்கலாம். ரை என்ற தானியத்தின் மாவைத் தண்ணீரில் நாலைந்து நாள் புளிக்க வைத்துக் காய்ச்சுவது. வேகவைத்த முட்டை, வெள்ளை சாசேஜ், மரு வாசம். சைவக்காரர்களுக்கு இது ஆகாது. சாசேஜை எடுத்துவிட்டாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் கறி வேகவைத்த தண்ணீர். பார்ஷ்ச்சும் பல கடைகளில் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு இறைச்சி சேர்க்காத வழக்கம் அங்கே உண்டு. அந்த வகைப் பார்ஷ்ச், காளான் அடைத்த குட்டிக் கொழுக்கட்டைகளோடு டிசம்பரில் பல இடங்களில் கிடைக்கும், ஆனால் அந்தச் சாப்பாட்டில் மீன் உண்டு. ‘பெஸ் மியென்சா’ என்றால் இறைச்சி இல்லாமல், ‘பெஸ் ரிபி’ என்றால் மீன் இல்லாமல். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

முதல் நாள் கேட்க வேண்டியது ‘பியெரோகி’. கோதுமை மாவை மெல்லிசாகத் தேய்த்து, பூரணம் வைத்து, சோமாசி போல மடித்து ஓரம் அமுக்கித் தண்ணீரில் வேகவைப்பது. ‘ருஸ்கியே’ என்ற வகையில் மசித்த உருளைக்கிழங்கு, வதக்கிய வெங்காயம், ‘ட்வாரூக்’ என்னும் புளிப்பான பன்னீர். பெயரைப் பார்த்து ரஷ்யப் பண்டம் என்று நினைக்க வேண்டாம், ரூத்தேனியா என்ற பழைய நிலப்பகுதியைக் குறிக்கும் சொல் அது. உள்ளே முழுச் சைவம், ஆனால் மேலே பாருங்கள். பொன்னிறத் துணுக்குகள் தூவியிருக்கும். வெங்காயம் என்று நினைத்து வாயில் போட்டால் ‘ஸ்க்ஃபார்கி’, பன்றிக் கொழுப்பை உருக்கி எடுத்த பொரியல். ஆர்டர் கொடுக்கும்போதே ‘பெஸ் ஸ்க்ஃபாரெக்’ என்று சொல்லி, வெண்ணெய் போட்டுத் தரச் சொல்லுங்கள். பொரித்த பியெரோகியைவிட வேகவைத்தது சைவக்காரருக்குப் பாதுகாப்பு, எந்தக் கொழுப்பில் பொரித்தார்கள் என்று தெரியாதே. முட்டைக்கோஸும் காட்டுக் காளானும் வைத்தது, அவுரிநெல்லிப் பழம் (ப்ளூபெர்ரி) வைத்து மேலே புளிப்புக் கிரீம் ஊற்றியது என்று வேறு வகைகளும் உண்டு. பழம் வைத்ததும் அங்கே சாப்பாடுதான், பலகாரம் இல்லை.

உருளைக்கிழங்கைப் பச்சையாகத் துருவி, முட்டையும் கொஞ்சம் மாவும் சேர்த்துச் சுடும் ‘ப்ளாட்ஸ்கி’ நம் அடைக்குத் தூரத்துச் சொந்தம். வந்த சூட்டில் சாப்பிட வேண்டும். பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தால் கிழங்கில் உள்ள நீர் கசிந்து தொளதொளவென்று ஆகிவிடும்.

கறி சாப்பிடுபவர்களுக்குக் கவலை குறைவு. ‘கொவோம்ப்கி’ என்றால் முட்டைக்கோஸ் இலையில் சோறும் கொத்துக்கறியும் சுருட்டித் தக்காளிச் சாறு ஊற்றியது. ‘பிகோஸ்’, புளித்த கோஸும் பலவகைக் கறியும் மணிக்கணக்கில் வெந்தது. மறுநாள் சூடு பண்ணியதுதான் ருசி என்பார்கள், நம் மீன் குழம்பு மாதிரி. ‘ஃப்ளாகி’ மாட்டுக் குடல் சூப். ‘ஸ்ஹாபோவி’ பன்றிக்கறிக் கட்லெட். பன்றி வேண்டாதவர்கள் ‘குர்சாக்’ என்று கோழியைக் கேட்கலாம்.

செலவு குறைய வேண்டுமானால் ‘பார் ம்லெச்னி’, அதாவது பால் கடை என்று பெயர்ப்பலகை உள்ள இடத்துக்குப் போங்கள். முதல் கடை 1896இல் வார்சாவில் திறந்தது. இன்றைக்கும் பல கடைகளுக்கு அரசு மானியம் உண்டு. நம் ஊர் டோக்கன் மெஸ் போலத்தான்: சுவரில் உள்ள பட்டியலைப் பார்த்துக் காசாளரிடம் சொல்லிக் காசு கொடுங்கள், ரசீதை சமையலறை ஜன்னலில் நீட்டுங்கள், பண்டத்தின் பெயரைக் கூப்பிட்டதும் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எச்சில் தட்டை இன்னொரு ஜன்னலில் நீங்களே வைக்க வேண்டும். வரிசையில் நின்று யோசித்தால் பின்னால் முணுமுணுப்பு கேட்கும், முன்பே முடிவு பண்ணிக்கொண்டு நில்லுங்கள். பல இடங்களில் அரைப் பங்கும் தருவார்கள். மூன்று பேர் போனால் ஒரு சூப், ஒரு பியெரோகி, ஒரு ப்ளாட்ஸ்கி என்று பிரித்துக்கொண்டால் மூன்றையும் ருசி பார்க்கலாம்.

மலையைப் பார்க்க ஸகோபானே போனால் ‘ஒஸ்சிபெக்’ என்ற புகை போட்ட செம்மறியாட்டுப்பால் சீஸைச் சுட்டு, கிரான்பெரி ஜாமோடு தருவார்கள். ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு 2023இல் கிடைத்ததுபோல, இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு 2008இல் கிடைத்தது. போலியும் வர்க்கிக்கு இருப்பதுபோலவே ஏராளம். அசலானது நூல் நூற்கும் கதிர் வடிவில், 17 முதல் 23 செ.மீ. நீளம், 600 முதல் 800 கிராம் எடை. செம்மறியாடு கறப்பது மே முதல் செப்டம்பர் வரை. ஜனவரிப் பனியில் தெருவோரத்தில் விற்பது பெரும்பாலும் பசும்பால் சீஸ்.

பாரம்பரியச் சாப்பாடு தரும் சில ஓட்டல்களில் உட்கார்ந்ததும் ரொட்டியும், சின்னக் கிண்ணத்தில் வெள்ளையாக ஒன்றும், புளித்த வெள்ளரிக்காயும் இலவசமாக வரும். அந்த வெள்ளை வெண்ணெய் இல்லை, ‘ஸ்மாலெட்ஸ்’, பன்றி நெய். ரொட்டியில் தடவும் முன் உற்றுப் பாருங்கள், உள்ளே வெங்காயமோ கறித் துணுக்கோ தெரியும். தண்ணீருக்குப் பெரும்பாலும் தனிக் காசு. கேஸ் இல்லாதது வேண்டுமென்றால் ‘நியெகஸோவானா’.

பில் கொடுக்கும்போது மட்டும் நம் பழக்கத்தில் முந்திக்கொண்டு நன்றி சொல்லிவிடாதீர்கள். நூறு ஸ்வாட்டி நோட்டை நீட்டி ‘ஜென்குயே’ என்றால், மீதி உனக்கே என்று அர்த்தம். டிப்ஸ் பத்து சதவீதம் போதும். சில்லறை கைக்கு வந்த பிறகு நன்றி சொல்லுங்கள்.