வள்ளத்து டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கும்போது செய்யக்கூடாதவை

எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கிற வரைக்கும் செல்பை அடித்துக்கொண்டே இருப்பதுதான் நம் திருநெல்வேலிக் கடற்கரையில் எல்லோரும் முதலில் செய்வது. உவரியிலும் சரி, கூத்தங்குழியிலும் சரி, எஞ்சினுக்கு வரும் பெரிய சேதங்களில் பல அந்த அரை மணி நேரத்தில்தான் நடக்கின்றன. ஒரு முறைக்கு 10 வினாடிக்கு மேல் செல்ப் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு முறை அடித்த பிறகும் ஒரு நிமிடமாவது விட வேண்டும். இல்லையென்றால் செல்ப் மோட்டாரின் சுருள் சூடாகிக் கருகும், பேட்டரி இறங்கும். அதோடு முதலில் இருந்த கோளாறு எது, நாமே உண்டாக்கியது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும்.

டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய 20 மடங்கு அழுத்தினால் வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அந்தச் சூடு வர எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும், டீசல் வந்து சேர வேண்டும், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், கசியாமல் இருக்க வேண்டும். ஆகவே இரண்டு முறை அடித்தும் பிடிக்கவில்லையென்றால் ஸ்பானரைத் தேடாதீர்கள். எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறதா, சைலன்சரில் புகை வருகிறதா என்று மட்டும் பாருங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

மெதுவாகச் சுற்றினால் உடனே பேட்டரியைக் குற்றம் சொல்லி, புதிது வாங்கத் திசையன்விளைக்கு வண்டி ஏறுகிறார்கள். ஆனால் உப்புக் காற்றில் முதலில் கெடுவது டெர்மினலும் எர்த் வயரும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 காட்ட வேண்டும். செல்ப் அடிக்கும்போது பேட்டரியில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்று, செல்ப் மோட்டாரில் 8 தான் காட்டுகிறது என்றால் நடுவில் வயரோ இணைப்போ பழுது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். எர்த் வயர் எஞ்சினில் சேரும் இடத்தையும் மறக்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து செல்பை நேரடியாகத் தட்டிவிடுவதை வேண்டவே வேண்டாம் என்பேன். பேட்டரி வெளியிடும் வாயு ஒரு பொறியில் வெடிக்கும். கியர் நியூட்ரலில் இல்லையென்றால் ஆள் இருக்கும்போதே புரொப்பல்லர் சுற்றிவிடும்.

நன்றாகச் சுற்றுகிறது, புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை என்று பொருள். ஸ்டாப் லீவர் இழுத்தபடியே இருக்கிறதா, டேங்க் வால்வு மூடியிருக்கிறதா, டேங்கில் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் இதைப் பார்க்காமல், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலைக் கழற்றியவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது ஏர், அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்று. "நேத்து சாயங்காலம் நல்லாத்தான ஓடுச்சு அண்ணாச்சி, காலைல மட்டும் பிடிக்க மாட்டேங்கு" என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் பீட் பம்புக்கும் நடுவில் உள்ள குழாயைத்தான். எஞ்சின் ஓடும்போது அந்தப் பகுதி டீசலை உறிஞ்சுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். இரவில் வள்ளம் சும்மா நிற்கும்போது குழாயில் இருக்கும் டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் குழாய் முழுக்கக் காற்று. ஒழுகவில்லையே என்று குழாயை நல்லதென முடிவுகட்டுவதுதான் இதில் பெரிய தவறு. அந்தக் குழாயில் ஒரு சாண் நீளம் டீசல் தாங்கும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் போட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். பழைய கிளிப், வெடித்த ரப்பர் ஹோஸ், நசுங்கிய செம்பு வாஷர் இவற்றை மாற்றாமல் தினமும் ஏர் எடுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

ஏர் எடுப்பதற்கும் வரிசை உண்டு. டேங்க் பக்கமிருந்து தொடங்க வேண்டும். பில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பீட் பம்பின் கை லீவரை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். அப்புறம் நாசிலுக்கு டீசலைத் தள்ளும் பம்ப், கடைசியில்தான் நாசில் நட்டு. கை லீவர் தொளதொளவென்று ஆடி ஒன்றும் இழுக்கவில்லையென்றால் பம்ப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பம்பை இயக்கும் கேமின் மேட்டில் அது நிற்கும். எஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். நாசில் நட்டைத் தளர்த்தியிருக்கும்போதோ நாசிலை வெளியே வைத்துச் சோதிக்கும்போதோ பீச்சும் டீசலுக்கு முன்னால் விரலை நீட்டவே கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கி, விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே அறுவை சிகிச்சை பார்க்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடற்கரையிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்குப் போகும் தூரத்தை நினைத்தால், "நாளைக்குப் பார்ப்போம்" என்பதற்கே இடமில்லை.

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்க, பல நாட்கள் தொழில் நிற்கும். பாதி டேங்கோடு வள்ளத்தைக் கரையேற்றுவது அப்போது நடக்கும் தவறு. காலி இடத்தில் இருக்கும் ஈரக்காற்று இரவில் தண்ணீராகி அடியில் சேரும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து பில்டரை அடைக்கும். பம்பும் நாசிலும் துரு ஏறினால் செலவு பெரியது. பில்டரின் அடி ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். கேனில் டீசல் ஊற்றும்போது கடைசி இரண்டு விரல் அளவை ஊற்றாமல் விட்டுவிடுங்கள்.

சுற்றுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது, பிடிக்க மட்டும் இல்லை என்றால் டீசல் போகிறது, பற்றவில்லை. குளிர் நாடுகளில் இதற்குக் குளிரைக் காரணம் சொல்வார்கள். மார்கழி விடியலில்கூட நம் கடற்கரையில் அந்தக் குளிர் கிடையாது. டீசல் முதலில் பற்றும் சிறு முன்னறை உள்ள எஞ்சின் என்றால், அதைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நம் ஊரிலும் வேலை செய்ய வேண்டும். அதைப் பாருங்கள். நேரடியாக உள்ளே பீச்சும் எஞ்சின்களில் பெரும்பாலும் அது இருக்காது, தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது மிகவும் ஆபத்து. சிவந்த பிளக்கில் பட்டு, பிஸ்டன் மேலே வருமுன் வெடிக்கும். ரிங்கோ பிஸ்டனோ உடையும். கம்ப்ரஷன் சந்தேகமென்றால் டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வு இடைவெளியைப் பாருங்கள். அப்புறம் காற்று வாயில் ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஒரு முறை முயலலாம். அதில் பிடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு சொட்டும் விடக் கூடாது. ஆயிலிலேயே எஞ்சின் வேகம் எகிறி, ஸ்டாப் லீவருக்கு அடங்காமல் போகும். கறுப்புப் புகை என்றால் ஏர் பில்டரில் மணல், உப்பு, கழற்றிப் பாருங்கள்.

கடல் தண்ணீரை இழுத்து, அதைப் புகைக்குழாய் வழியே வெளியேற்றும் எஞ்சின்களில் இன்னொரு ஆபத்து உண்டு. பிடிக்காத எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுற்றினால் தண்ணீர் பம்பும் கூடவே ஓடும். தள்ளிவிடப் புகையின் வேகம் இருக்காது. சைலன்சர் நிறைந்து தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும். தண்ணீரை அழுத்த முடியாததால் கனெக்டிங் ராடு வளையும். அதனால் முயன்று பார்க்கும்போது கடல் தண்ணீர் வால்வை மூடிவைத்து, எஞ்சின் பிடித்த அந்தக் கணமே திறந்துவிட வேண்டும். திறக்க மறந்தால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரம் கருகிவிடும்.

கை ஹேண்டில் போடும் சின்ன எஞ்சின்களில், சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டி-கம்ப்ரஷன் லீவரைத் தூக்கிச் சுற்றி, வேகம் எடுத்த பிறகுதான் விட வேண்டும். கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்கிப் பிடிக்காதீர்கள். மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். எஞ்சின் பின்னால் உதைத்தால் மடக்கிய கட்டை விரல்தான் முறியும். பல நாள் சும்மா கிடந்த எஞ்சினை, ஸ்டார்ட் செய்யுமுன் அந்த லீவரைத் தூக்கியபடியே மெதுவாக 15, 20 சுற்று சுற்றுங்கள். ஆயில் மேலே ஏறியிருக்கும், உள்ளே ஏதாவது முட்டினாலும் கையிலேயே தெரியும்.