எட்டாம் வகுப்புக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொள்வது

கேரளத்தில் பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஏழாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் ஜூன் மாதம் எங்கள் ஹைஸ்கூலுக்கு வருவார்கள். மலையாளம் கேட்டால் புரியும், பேச வாய் வராது. கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் இருப்பார்கள். நல்ல அடக்கமான பிள்ளை என்று நானும் பல வருஷம் விட்டுவிட்டேன். அது தப்பு. எட்டாவது பிள்ளைக்கு வயது 13. மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதலில் பெயர். நம் வீட்டில் இனிஷியல் முன்னால், இங்கே ரிஜிஸ்டரில் பின்னால். எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். பதிலைத் தமிழில் சொன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மலையாளம் மெல்ல வரும்.

அப்புறம் மத்தியானச் சோறு. யார் தனியாகத் தட்டோடு குழாயடிக்குப் போகிறார்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். "இவனையும் சேர்த்துக்கோங்க" என்று வகுப்பு முன்னால் சொல்லிவிடாதீர்கள், பிள்ளை கூசிப்போகும். நான் சாம்பார் வாளியைக் கொடுப்பேன். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு கை தமிழ்ப் பையன், இன்னொரு கை மலையாளப் பையன். போன வருஷம் ஆகஸ்டில் அந்தத் தமிழ்ப் பையன் ஒருநாள் வரவில்லை. வாளிக்காரக் கூட்டாளி ஸ்டாஃப் ரூமுக்கே வந்து, "டீச்சரே, அவன் எந்தா வராஞ்ஞது?" (அவன் ஏன் வரவில்லை?) என்றான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு போன் போட்டு, "கண்ணு, உன்னை ஒருத்தன் தேடுறான்" என்று சொன்னேன்.

பள்ளியில் நமக்கு இடம் இருக்கிறது என்ற உணர்வை அளக்க 1993-இல் கேரல் குட்நோ என்ற ஆய்வாளர் 18 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். கஷ்டம் வந்தால் பேச இங்கே ஒரு பெரியவராவது உண்டா என்பது அதில் ஒன்று. மாதக் கடைசியில் அதை மட்டும் துண்டுச் சீட்டில் தமிழிலேயே எழுதி வாங்குவேன். 'இல்லை' என்று வந்தால் மறுநாளே தனியாகப் பேசுவேன்.

திங்கள்கிழமை தோறும் வயிற்றுவலி, தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்றால் பள்ளிக் கவுன்சிலரிடம் நீங்களே கூட்டிப்போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள், வீட்டாரை வரவழையுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பாமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுங்கள்.