டார்ப்பன் பிடிக்கப் போகிறீர்களா? முதலில் நீரோட்டத்தைப் பாருங்கள்

ஏப்ரல் பிறந்தாலே அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டார்ப்பன் மீன் பேச்சுதான். கடல்நீர் 75 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டியதும் ஆளுயர மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரத் தொடங்கும். கீ வெஸ்ட் வரை நீளும் தீவுகளின் பாலங்களுக்கு அடியிலும், மேற்குக் கரையில் போகா கிராண்டே முகத்துவாரத்திலும் ஜூன் கடைசி வரை அவற்றைப் பார்க்கலாம். நூறு பவுண்டு மீன் அங்கே அதிசயம் இல்லை. செதில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், வெள்ளித் தகடு மாதிரி இருக்கும்.

பல நூறு டாலர் கொடுத்துக் கைடு அமர்த்திக்கொண்டு போயும் ஒரு கடி கூட இல்லாமல் திரும்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் தவறு படகில் நடப்பதில்லை, நாளும் நேரமும் குறிக்கும்போதே நடந்துவிடுகிறது.

என் முதல் பயணம் அப்படித்தான் போனது. அந்தத் தீவுகளில் ஒன்றான பாஹியா ஹோண்டாவின் பாலத்தருகே, மே மாதத்து சனிக்கிழமை, காலை 8 முதல் 12 வரை. மத்தியானம் நல்ல நீர் இருக்கிறது, அப்போது வாருங்கள் என்று கைடு சொன்னார். மாலையில் வேறு வேலை இருந்ததால் நான்தான் காலை நேரத்தைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையில் 9 மணிக்கு ஏற்றம் என்று போட்டிருந்தது. அப்படியானால் ஒன்பதரைக்கு வற்றம் தொடங்கும், நண்டு மிதந்து வரும், மீன் கடிக்கும் என்பது என் கணக்கு. ஆனால் பத்து மணி ஆகியும் நீர் சோம்பலாக உள்ளேயே போய்க்கொண்டிருந்தது. பிறகு அடியோடு நின்றது. தக்கை நட்டுவைத்த குச்சி போல அசையாமல் நின்றதும், அதன் கீழே நாங்கள் இரையாகக் கோத்த நண்டு ஒரே இடத்தில் காலை அசைத்துக்கொண்டு தொங்கியதும் இப்போதும் கண்ணில் நிற்கிறது. 12 மணிக்கு நங்கூரம் எடுக்கும்போதுதான் கடல் புல் ஒரு கோடாக வெளிப்பக்கம் ஒழுக ஆரம்பித்தது. அந்தக் கோட்டில் நாலணா அளவு நண்டு ஒன்று துடுப்புக் காலால் நீந்திக்கொண்டு போனது. நாங்கள் கிளம்பினோம், பின்னாலிருந்த படகு ஒன்றில் மீன் துள்ளியது.

அன்று புரிந்த விஷயம் இதுதான். அட்டவணை சொல்வது நீரின் உயரத்தை. மீன் பார்ப்பது நீரின் ஓட்டத்தை. இரண்டும் ஒரே நேரத்தில் திரும்புவதில்லை. அந்தத் தீவுகளுக்கு ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் மெக்சிகோ வளைகுடா. இரண்டு பக்கத்து நீர்மட்டமும் ஒன்றாக ஏறி இறங்காது. எந்தப் பக்கம் உயரமோ அங்கிருந்து பாலத்தின் கீழே நீர் பாய்ந்துகொண்டே இருக்கும், அட்டவணையில் ஏற்றம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தாலும் சரி. அதனால் ஓத அட்டவணையோடு நீரோட்ட அட்டவணையையும் பாருங்கள். அமெரிக்க அரசின் நோவா நிறுவனம் இரண்டையும் தனித்தனியாக வெளியிடுகிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

நீர் ஓடினால் மீன் ஏன் கடிக்கிறது? டார்ப்பன் துரத்தித் துரத்தித் தின்று களைக்கிற மீன் இல்லை. பாலத்தூணின் நிழலிலோ பள்ளத்தின் விளிம்பிலோ ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கும். நண்டும் மடவையும் இறாலும் வாய்க்கு நேராக அடித்துக்கொண்டு வரும். ஓட்டம் நின்றால் பந்தி முடிந்தது. அந்த நேரத்திலும் மீன் மேலே வந்து புரளும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். டார்ப்பன் காற்றையும் சுவாசிக்கும் மீன். வாயைத் திறந்து மேற்பரப்பில் காற்றை விழுங்கி, நீச்சல் பையில் நிரப்பிக்கொண்டு போகும். நம் ஊர்க் கழிமுகங்களில் இருக்கும் இதன் சின்னத் தம்பிக்கும் இந்தப் பழக்கம் உண்டு. புரளுகிற மீன் மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். பசிக்கு அது அடையாளம் இல்லை.

அடுத்த தவறு, போன வருஷமோ போன வாரமோ கிடைத்த நேரத்தையே மறுபடியும் பிடித்துக்கொள்வது. ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் ஏறக்குறைய 6 மணி நேரம். அதாவது நாளுக்கு இரண்டு ஏற்றம் வரும் கரையில், நண்பருக்குப் போன சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஏற்றம் இருந்திருந்தால், இந்தச் சனிக்கிழமை அதே 9 மணிக்கு உங்களுக்கு வற்றம். அதனால் இடத்தை மட்டும் கேட்காதீர்கள். அப்போது நீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் ஓடியது என்று கேளுங்கள்.

பௌர்ணமி, அமாவாசை என்றாலே நல்ல நாள் என்று கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்வதும் பாதிதான் சரி. அந்த நாள்களின் பெருநீரை ஆங்கிலத்தில் ஸ்பிரிங் டைடு என்பார்கள். அதை வசந்த கால ஓதம் என்று புரிந்துகொண்டவர்களும் உண்டு. பருவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வருஷம் முழுவதும் மாதம் இரண்டு முறை வருவது. போகா கிராண்டேயில் மே, ஜூன் மாதங்களின் இந்த நீர்தான் திருவிழா. உள்ளே இருக்கும் சார்லட் ஹார்பர் விரிகுடாவின் தண்ணீர் மாலை வேளையில் மேட்டிலிருந்து சரிவது போல முகத்துவாரம் வழியாகக் கொட்டும். ஹில் டைடு என்றே அதற்குப் பெயர். நண்டுகள் ஆயிரக்கணக்கில் மேலே மிதந்து வரும். ஆனால் கீ வெஸ்ட் பக்கத்துத் தீவுகளின் குறுகிய கால்வாய்களில் அதே பெருநீர் சில நேரம் காட்டாறு போல ஓடும். இரை நிலைகொள்ளாது, கடல் புல் தூண்டில் நரம்பில் வந்து அப்பிக்கொள்ளும். எதிர்க்காற்றும் சேர்ந்தால் அலை எழும்பிப் படகை நிறுத்துவதே கஷ்டம். போதாக்குறைக்கு முட்டையிடும் மீன்கள் இந்த நாள்களை ஒட்டித்தான் ஆழ்கடலுக்குக் கிளம்பிப் போகின்றன. ஆகவே எந்த நாள் என்பதை அந்த இடத்துக் கைடிடமே விட்டுவிடுங்கள். முடிந்தால் ஒரே நாளை நம்பாமல் அடுத்தடுத்து இரண்டு நாள் எடுங்கள். ஒரு குளிர்காற்று வீசினாலே ஏப்ரல் மீன் காணாமல் போய்விடும்.

சரி, மீன் கடித்துவிட்டது. நுனி உள்பக்கம் வளைந்த வட்டத் தூண்டில் முள் போட்டிருந்தால் தூண்டில் கோலை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ரீலைச் சுற்றிக்கொண்டே இருங்கள், முள் தானாக வாய் ஓரத்தில் பதியும். உள்வாய் கட்டாந்தரை மாதிரி, இழுத்தால் முள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மீன் துள்ளும்போது கோலை அதன் பக்கம் நீட்டித் தாழ்த்துங்கள். வெள்ளி ராஜா என்று பெயர் பெற்ற மீன் ஆயிற்றே, ராஜாவுக்குத் தலைவணங்கு என்று கைடுகள் கத்துவது அதற்குத்தான். நரம்பு விறைப்பாக இருக்கும்போது அந்த எடை அதன்மேல் விழுந்தால் அறுந்தே போகும்.

மீனோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டியதைப் பெருமையாகச் சொல்கிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. களைத்த டார்ப்பன் சுறாவின் இரை. பாலங்களுக்கு அடியில் கொம்பன் சுறா காத்துக்கொண்டே இருக்கும். கோலைப் பக்கவாட்டில் தாழ்த்தி இழுத்துச் சீக்கிரம் முடியுங்கள். சுறாவின் துடுப்பு தெரிந்ததும் நரம்பை அறுத்துவிடுங்கள் என்று கைடு சொன்னால் அந்த நொடியே அறுத்துவிடுங்கள்.

கடைசியாகப் படம். 2013 முதல் ஃப்ளோரிடாவில் டார்ப்பனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். சாதனைப் பதிவுக்காகத் தனி அனுமதிச் சீட்டு வாங்கியவருக்கு மட்டுமே விலக்கு. 40 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கவே கூடாது. மடியில் வைத்துப் படம் எடுக்கும் ஆசையைக் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். படகோரம் குனிந்து, கீழ்த்தாடையைப் பிடித்து, நீர் வருகிற பக்கம் அதன் முகத்தைத் திருப்பிப் பிடியுங்கள். ஓட்டம் வாய்க்குள் புகுந்து செவுள் வழியாக வெளியேறும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தாடை உங்கள் கையில் இறுகும், வால் ஒருமுறை அசையும். அப்போது கையை எடுத்துவிடுங்கள்.