மயஸ்தீனியா இருப்பவர் பர்ஸில் ஒரு சீட்டு

மயஸ்தீனியா கிராவிஸ் (தசைகள் சீக்கிரம் சோர்ந்து பலவீனமாகிவிடும் நோய்) இருப்பவர்கள் ஒரு சீட்டு எழுதி எப்போதும் பர்ஸில் வைத்திருங்கள். நோயின் பெயர், சாப்பிடும் மாத்திரைகள், நரம்பியல் டாக்டரின் போன் நம்பர். இவற்றைவிட முக்கியம், ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பட்டியல். காய்ச்சல், சளி என்று போனால் சர்வசாதாரணமாக எழுதித்தரும் அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின்கூட இந்த நோயில் தசைப் பலவீனத்தைக் கூட்டி, மூச்சுத்திணறல் வரை கொண்டுபோய்விடலாம். ஜென்டாமைசின், ரத்தக்குழாயில் ஏற்றும் மெக்னீசியம், சில பிபி மாத்திரைகளும் அப்படித்தான். உங்கள் டாக்டரிடமே பட்டியலைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும் முதலில் சீட்டைக் காட்டுங்கள், கூச்சமே வேண்டாம்.

அப்புறம், வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. காலையில் தெம்பாக இருந்தவருக்குச் சாயங்காலம் இமை தொங்கும், பேச்சு குழறும், சோறு மெல்லவே தாடை ஓய்ந்துவிடும். இந்த நோயின் இயல்பே அதுதான். தயவுசெய்து, "காலையில நல்லாத்தானே இருந்தே?" என்று கேட்காதீர்கள். நோயைவிட அந்தக் கேள்விதான் பலரை உடைக்கிறது. குளியல், வெளிவேலை எல்லாவற்றையும் அவருக்குத் தெம்பிருக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொடுங்கள். விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.